வீட்டு சர்வர்: பட்டியல் தலைகீழாக இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் ஒரு கோப்பு சர்வர் (எல்லாரும் கோப்புகளைப் போட்டு எடுக்க எந்நேரமும் ஓடும் கணினி) கட்டிக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரை குறித்து எழுதுகிறேன். எல்லார் போனிலும் நிரம்பிக் கிடக்கும் படங்களையும் பத்திர ஸ்கேன்களையும் மாத வாடகை இல்லாமல் ஓரிடத்தில் சேர்த்துவைக்கலாம் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் கூடவே கொடுத்திருந்த உதிரிபாகப் பட்டியலை அப்படியே வாங்கினால் காசும் போகும், படமும் போகும். பழைய ஜியான் இ5 (இன்டெலின் சர்வர் வகை) புராசசர், அதற்கேற்ற சீனத்து எக்ஸ்99 மதர்போர்டு, 32 ஜிபி ராம், ஒரு சிறு கிராபிக்ஸ் கார்டு, மூன்று 4 டிபி டெஸ்க்டாப் ஹார்டு டிஸ்க், அவற்றை ரெய்டு 5-ஆகக் கோப்பது (ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற இரண்டிலிருந்து மீட்கும்படி சேர்ப்பது), 'லோக்கல்' 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி). வேண்டாத இடத்தில் தாராளம், கை நீட்ட வேண்டிய இடத்தில் கஞ்சத்தனம்.

முதலில் புராசசர். நான்கைந்து பேர் இருக்கும் வீட்டில் கோப்புகளை எடுத்துக் கொடுப்பதும் வாங்கி வைப்பதும் ஒரு வேலையே அல்ல. பத்து வருடத்துக்கு முந்தைய ஐ3 கூடத் தூங்கிக்கொண்டே செய்துவிடும். ஜிகாபிட் லேனில் (வீட்டு நெட்வொர்க் வயரில்) நொடிக்கு 110 எம்பி சுமாருக்கு மேல் போகாது. இன்றைய ஒற்றை ஹார்டு டிஸ்க்கே அந்த வேகத்தை நிரப்பிவிடும். அதற்கு மேல் எத்தனை கோர் வைத்தாலும் அவை சும்மா உட்கார்ந்து மின்சாரம் குடிக்கும். ஜியான் இ5-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. அதனால் தனி கார்டு, அதற்கும் சேர்த்து மின்சாரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 80 வாட் இழுக்கும் இயந்திரம் 60 நாளில் 115 யூனிட் எரிக்கும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். அதே வேலையைச் செய்யும் பழைய அலுவலக கம்ப்யூட்டர் இரண்டு டிஸ்க்கோடு சுமார் 35 வாட்டில் நிற்கும். 50 யூனிட்டோடு முடிந்தது. வீட்டுப் பயன்பாடு ஏற்கெனவே 500 யூனிட் எல்லையை உரசிக்கொண்டிருந்தால் இந்த 65 யூனிட் வித்தியாசம் பெரிது. அந்த எல்லையைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கட்டணமும் சேர்ந்தே மாறும்.

ஆகவே கணினிப் பெட்டியை செகண்ட்ஹேண்டில் வாங்குவதே சரி. அதற்கு இது நல்ல காலமும்கூட. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. இன்டெல் 6, 7-ஆம் தலைமுறை இயந்திரங்களில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது. எனவே டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவா திங்க்சென்டர் வகைகளை அலுவலகங்கள் மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் அவைதான் அடுக்கிக் கிடக்கின்றன. சர்வரில் ஓடப்போவது லினக்ஸ். மைக்ரோசாப்டின் ஆதரவு நின்றதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. 2025 கடைசியில் ராம் விலை ஏறத் தொடங்கிய பிறகு, 8 ஜிபி உள்ளேயே இருக்கும் பழைய பெட்டி இன்னும் லாபம்.

அந்தப் பெட்டியிலும் பார்த்து வாங்க வேண்டியவை உண்டு. ஒல்லியான எஸ்எஃப்எஃப் கேபினட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு மூன்றரை அங்குல டிஸ்க்தான் நுழையும். உள்ளங்கை அளவு மைக்ரோ வகையில் அதுவும் நுழையாது. டவர் வகையாகக் கேளுங்கள். மூடியைத் திறந்து டிஸ்க் வைக்கும் இடத்தையும் டிஸ்க்கின் வயர் செருகும் சாட்டா போர்ட்டுகளையும் எண்ணிப் பாருங்கள். மாடல் எண்ணின் கடைசியில் 'டி' இருக்கும் புராசசர் மின்சாரம் மிச்சப்படுத்தும் என்று கூடுதல் விலை சொல்வார்கள். சும்மா இருக்கும்போது டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். டி என்பது உச்சத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். சர்வரில் சேர்த்துவைத்த சினிமாவை டிவிக்கு மாற்றி அனுப்பும் எண்ணம் இருந்தால் 7-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். 10 பிட் எச்இவிசி (இறுக்கிச் சுருக்கிய வகை) வீடியோவை வன்பொருளிலேயே முழுதாகக் கையாள்வது அதிலிருந்துதான்.

கடையிலேயே ஒருமுறை பயாஸ் என்ற, கணினி கிளம்பும்போது வரும் அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும். பாஸ்வேர்ட் கேட்டால் அந்த இயந்திரமே வேண்டாம். பாஸ்வேர்ட் இல்லையென்றால் மூன்று காரியம். மின்சாரம் போய் வந்ததும் தானே எழும்படி வைப்பது முதலாவது. இது டெல்லில் 'ஏசி ரெக்கவரி' என்றும் எச்பியில் 'ஆஃப்டர் பவர் லாஸ்' என்றும் இருக்கும். சாட்டா முறை 'ரெய்டு ஆன்' என்றிருந்தால் ஏஎச்சிஐ-க்கு (டிஸ்க்கை லினக்ஸ் நேரடியாகப் பார்க்கும் முறை) மாற்றுவது அடுத்தது. கடைசியாக, கீபோர்டு இல்லாவிட்டாலும் நின்றுவிடாமல் தொடரச் சொல்வது. வீட்டுக்கு வந்ததும் சிஆர்2032 பட்டன் பேட்டரியைப் புதிதாக மாற்றிவிடுங்கள். பேட்டரி செத்திருந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் மேற்சொன்ன அமைப்பெல்லாம் அழிந்து, எஃப்1 அழுத்தச் சொல்லித் திரை காத்து நிற்கும். சர்வருக்குத் திரையே கிடையாது. இது புரியாமல் மதர்போர்டு போய்விட்டது என்று இன்னொன்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த நிறுவனப் பெட்டிகளில் ஒரு சங்கடமும் உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸின் இணைப்பு ஊசிகளின் (பின்) அமைப்பு அவரவர் சொந்த வகை. கெட்டால் கடையில் கிடைக்கும் சாதாரண 24 பின் எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. டெல் வகைகள் பலவற்றில் டிஸ்க்குக்கான மின்சாரமே மதர்போர்டிலுள்ள சிறு இணைப்பிலிருந்துதான் வருகிறது. அதில் இரண்டு டிஸ்க் வரை சரி, நான்கு மாட்டினால் தகராறு. ஒரு மூன்றரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடியில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் சுமாருக்கு இழுக்கும். நான்கும் ஒரே நேரத்தில் கிளம்பினால் அதுவே ஏறத்தாழ 100 வாட். நான்கு டிஸ்க் கட்டாயம் என்றால் சாதாரண கேபினட், பி150 அல்லது பி250 மதர்போர்டு, தரமான 300 முதல் 450 வாட் எஸ்எம்பிஎஸ் என்று அசெம்பிள் செய்வதே நல்லது. எச்110 வகை மதர்போர்டில் நான்கு சாட்டா போர்ட்தான். பி150, பி250 வகைகள் ஆறு வரை தரும். எம்.2 (மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சிறு பலகை வகை) எஸ்எஸ்டி மாட்டினால் சில போர்டுகளில் ஒரு சாட்டா போர்ட் செத்துப்போகும் என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் 'லோக்கல்' வேண்டவே வேண்டாம். ஸ்டிக்கரில் 450 என்று அச்சடிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. நல்ல கம்பெனியின் 300 வாட் அதைவிட மேல். டிஸ்க்குக்கு பவர் வயர் போதவில்லையென்றால் பழைய நாலு பின் மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வயரைக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். அதன் முனை பிளாஸ்டிக்கில் ஒரே கட்டியாக வார்த்ததாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே கம்பிகள் நெருங்கி ஷார்ட் ஆகி, கருகி, டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போன கதைகள் உலகம் முழுக்க உண்டு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரியும்படி நசுக்கிப் பொருத்திய (கிரிம்ப் செய்த) வகை பரவாயில்லை.

இனி டிஸ்க். காசில் பாதிக்கு மேல் இங்கேதான் போக வேண்டும், கட்டுரை மிகவும் சறுக்கியதும் இங்கேதான். டெஸ்க்டாப் டிஸ்க் விலை குறைவாக இருப்பதற்குப் பெரும்பாலும் எஸ்எம்ஆர் என்ற பதிவு முறைதான் காரணம். கூரையில் ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் விளிம்பின்மேல் அடுத்த தடம் ஏறிப் படுத்திருக்கும். நடுவில் ஓர் ஓடு மாற்ற அடுத்தடுத்த ஓடுகளைக் கழற்ற வேண்டுமல்லவா, அதுபோலச் சிறு மாற்றத்துக்கும் பக்கத்துத் தடங்களையெல்லாம் திருப்பி எழுத வேண்டும். முதல் சில ஜிபி வரை வேகமாகத் தெரியும். உள்ளே ஒதுக்கிய இடம் நிரம்பியதும் வேகம் நொடிக்குச் சில பத்து எம்பிக்கும் கீழே விழும். தனி டிஸ்க்காக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ரெய்டில் ஒன்று செத்து, புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் மீட்டெழுதும்போது பல மணி நேர வேலை பல நாளாகும். அதற்குள் டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று கணினி அதையே வெளியே தள்ளிவிடவும் கூடும்.

'நாஸ்' (வீட்டு நெட்வொர்க்கில் கோப்பு வைக்கும் பெட்டிக்கான டிஸ்க்) என்று பெயர் போட்டிருந்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'ரெட்' வரிசையில் 2 முதல் 6 டிபி வரை எஸ்எம்ஆர் புகுத்தியிருந்தது 2020 ஏப்ரலில் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. அதன் பிறகு, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வழக்கமான சிஎம்ஆர் முறை டிஸ்க்குகளை 'ரெட் பிளஸ்' என்று பிரித்துவைத்தார்கள். வெறும் 'ரெட்' இன்னும் எஸ்எம்ஆர்தான். சீகேட்டில் 'அயன்வுல்ஃப்' சிஎம்ஆர். கட்டுரை சொன்ன விலைக்குக் கிடைக்கும் 'பாரகுடா' 2 முதல் 8 டிபி மாடல்களில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர். தோஷிபா 'என்300' சிஎம்ஆர். நம் ஊரில் சிசிடிவி வியாபாரம் கொழிப்பதால் 'பர்ப்பிள்', 'ஸ்கைஹாக்' டிஸ்க்குகள் எந்தச் சிறு ஊரிலும் கிடைக்கும். அவை இரவும் பகலும் ஓட வடிவமைத்தவை. நாஸ் வகை கிடைக்காதபோது கோப்பு சர்வருக்கு அவை போதும். எதை எடுத்தாலும் மாடல் எண்ணை முழுதாகக் குறித்துக்கொண்டு, கம்பெனியின் விவரத்தாளில் பதிவு முறை என்ன போட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு இன்னொரு குணம். ஓரிடத்தைப் படிக்க முடியாவிட்டால் அது ஒரு நிமிடத்துக்கும் மேல் விடாப்பிடியாக முயலும். நாஸ் வகை சுமார் 7 நொடியில் கைவிட்டு 'முடியவில்லை' என்று சொல்லிவிடும். மற்ற டிஸ்க்கிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக்கொள்ளலாம். லினக்ஸ் வழக்கமாக 30 நொடிதான் காத்திருக்கும். ஒரே ஒரு கெட்ட இடத்துக்காக ஒரு முழு டிஸ்க் ரெய்டிலிருந்து விலக்கப்படுவது இப்படித்தான்.

பழைய டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது என்பவர்களுக்கு: ஓடிய மணி நேரத்தை அழித்துப் புதிது என்று விற்பது உலகளாவிய தொழில். 2025 ஜனவரியில் ஜெர்மனியில் சீகேட் எக்ஸாஸ் டிஸ்க்குகளில் இது பெரிதாக வெளிப்பட்டது. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' பதிவில் பூஜ்யம் மணி. டிஸ்க்குக்குள் தனியே இருக்கும் 'ஃபார்ம்' பதிவிலோ பல்லாயிரம் மணி. டிஸ்க்கைச் சோதிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் நிரலின் 7.4 பதிப்பிலிருந்து 'ஃபார்ம்' பதிவைப் படிக்கலாம். அத்துடன் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய வரிகளின் (கெட்ட இடங்களின் கணக்கு) மூல எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். 199 (தரவு வந்துபோகும் வழியில் நேர்ந்த பிழைகளின் கணக்கு) ஏறியிருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் சாட்டா வயர்தான். கொக்கி உள்ள புது வயரை மாற்றினால் எண் அதற்கு மேல் ஏறாமல் நிற்கும். புதிதோ பழையதோ, ஒரு படம்கூட ஏற்றும் முன் 'பேட்பிளாக்ஸ்' என்ற லினக்ஸ் நிரலின், டிஸ்க் முழுக்க எழுதிப் பார்க்கும் சோதனையை முழுதாக ஓட்டுங்கள். 4 டிபி டிஸ்க்குக்கு இரண்டரை நாள் ஆகும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அந்த இரண்டரை நாளை ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

பெரிய சர்வர்களிலிருந்து கழற்றிய டிஸ்க்குகளில் இரண்டு பொறி உண்டு. எஸ்ஏஎஸ் (பெரிய சர்வர்களுக்கான வேறொரு இணைப்பு) வகை பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும், ஆனால் சாட்டா வயர் அதில் ஏறாது. சாட்டா வகையாகவே இருந்தும் மாட்டினால் சுழலவே மறுக்கும் சில உண்டு: பவர் இணைப்பின் மூன்றாவது பின்னுக்கு 3.3 வோல்ட் வந்தால் அணைந்திருக்க வேண்டும் என்பது அவற்றின் ஏற்பாடு. அந்தப் பின்னை மட்டும் கேப்டன் டேப்பால் (சூடு தாங்கும் மின்காப்பு டேப்) மறைத்தால் ஓடும். செத்த டிஸ்க் என்று சண்டைக்குப் போகும் முன் இதைச் செய்து பார்க்கலாம்.

ரெய்டு 5 பற்றிக் கட்டுரை சொன்னது எனக்கு ஒப்பவில்லை. ரெய்டு என்பது ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு, நகல் அல்ல. குழந்தை ஒரு ஃபோல்டரை அழித்தால் அந்த நொடியே எல்லா டிஸ்க்கிலும் அழியும். வைரஸ் கோப்புகளைப் பூட்டினாலும் அப்படியே. ஒரு போன் படம் 4 எம்பி என்று வைத்தால் 1 டிபியில் இரண்டரை லட்சம் படம் கொள்ளும். பெரும்பாலான வீடுகளுக்கு ஒரே 4 டிபி டிஸ்க் பல வருடம் தாங்கும். இரண்டு டிஸ்க் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் ஒன்றை சர்வரில் மாட்டி, மற்றதை வாரம் ஒருமுறை இணைத்து நகலெடுத்துக் கழற்றி, முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள். மூன்றாவதுக்குக் காசு வந்த பிறகு சர்வருக்குள் இரண்டை மிரராக (இரண்டிலும் ஒரே தரவு எழுதும்படி) வைத்துக்கொள்ளலாம். அப்போதும் மதர்போர்டு பயாஸில் இருக்கும் ரெய்டு வேண்டாம். அந்த போர்டு செத்தால் அதே ஜாதி போர்டைத் தேடி அலைய நேரிடும். ஓப்பன்மீடியாவால்ட் போன்ற லினக்ஸ் மென்பொருள் அமைக்கும் மிரரை எந்த லினக்ஸ் கணினியில் மாட்டியும் படிக்கலாம்.

மென்பொருளைச் சிறு சாட்டா எஸ்எஸ்டியில் ஏற்றுங்கள், 120 ஜிபி தாராளம். பென் டிரைவில் ஏற்றினால் ஓயாத பதிவெழுத்தில் சில மாதத்தில் தேய்ந்துவிடும். டெரா பைட்டுக்கு ஒரு ஜிபி ராம் கட்டாயம் என்ற பேச்சு வீட்டுக்குப் பொருந்தாது. ராமை அதிகம் கேட்பதாகச் சொல்லப்படும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பை வைத்தாலும் 8 ஜிபி போதும்.

ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகை போதாதா என்று கேட்பார்கள். பை 4-இன் யுஎஸ்பி போர்ட்டுகள் நான்கும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் தரும். இரண்டு போர்ட்டபிள் டிஸ்க் மாட்டினால் மூச்சுத் திணறி டிஸ்க் காணாமல் போய் வரும். தனி மின்சாரம் உள்ள ஒரே டிஸ்க் என்றால் பரவாயில்லை. இன்டெல் என்100 புராசசரோடு வரும் போர்டுகள் மின்சாரத்தில் நல்ல சிக்கனம், ஆனால் பலவற்றில் இரண்டே சாட்டா போர்ட். புதிது வேண்டும் என்பவர்கள் அதை எண்ணிப் பார்த்து எடுக்கலாம்.

வேகம் வரவில்லை என்றால் சர்வரைத் திறக்கும் முன் வயரைப் பாருங்கள். கேமரா மாட்ட வருபவர் பல நேரம் எட்டு கம்பியில் நான்கை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டுப் போயிருப்பார். கேமராவுக்கு அது போதும். சர்வர் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கி நொடிக்கு 11 எம்பியில் ஊர்ந்துகொண்டிருக்கும். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியின் லேன் போர்ட்டே 100-ஆக இருப்பதும் உண்டு. ஐந்து போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்று போட்டு, சர்வரையும் வீட்டுக் கணினியையும் அதில் கோத்தால் தீர்ந்தது.

வைக்கும் இடம் பரண் அல்ல. மே மாதத்தில் ஓட்டுக்கோ தளத்துக்கோ அடியிலிருக்கும் பரணின் சூட்டில் டிஸ்க் 55 டிகிரியைத் தொடும். 45-க்குள் வைத்திருப்பதே நல்லது. டிஸ்க்கின் மேல் காற்று படும்படி முன்பக்கம் ஒரு 120 மிமீ ஃபேன் போதும். பின்பக்கத்தில் திறந்து கிடக்கும் கார்டு துளைகளைத் தகடு வைத்து அடைத்துவிடுங்கள். கதகதப்பான எஸ்எம்பிஎஸ் என்றால் பல்லிக்கு அலாதிப் பிரியம். அது உள்ளே போய்ப் படுத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்றால் எர்த் இல்லை என்று பொருள். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இன்வெர்ட்டர் இருந்தால் யுபிஎஸ் வேண்டாமா? இன்வெர்ட்டரில் 'யுபிஎஸ்' என்ற பக்கம் ஸ்விட்ச்சைத் தள்ளிவைத்தால் பெரும்பாலும் கணினி அணையாது. ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று அது சர்வருக்குச் சொல்லாது. யுஎஸ்பி போர்ட் உள்ள யுபிஎஸ் சொல்லும். சர்வர் தானே ஒழுங்காகப் படுத்துக்கொள்ளும். 600 விஏ வகைகள் பலவற்றில் அந்த போர்ட் கிடையாது, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

கட்டுரையை நம்பி அந்த மூன்று டிஸ்க்கை ஏற்கெனவே வாங்கியவர்கள் இருப்பார்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். டிஸ்க்கின் பெட்டியைப் பிரிக்காதிருந்தால் சிஎம்ஆர் வகைக்கு மாற்றித் தருமாறு கடையில் கேட்கலாம். பிரித்துவிட்டவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை நகலெடுத்துக் கழற்றி வைக்க எஸ்எம்ஆர் டிஸ்க் தாராளமாகப் போதும். ரெய்டில் மட்டும் சேர்க்காமல் இருந்தால் சரி. இந்த ஒரு திருத்தத்தையாவது அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினி வன்பொருள் பணியாளர் ஒருவர்,
திருச்சி.